கழித்துப் போட்ட தடங்கள்

"இது கடலை மட்டும்தான் பாக்கும். ஒங்களப் பாக்காது."

இராயப்பன்துறைக் கோயில் மண்டபத்தில் கூடியிருந்த விசைப்படகுக்காரர்களிடம் ஜெசிந்தா இதைச் சொன்னபோது மனமறிந்து பொய் சொல்லவில்லை. அவள் அதை நம்பினாள். அந்தக் கடற்கரையில் பிறந்து, படித்து, சென்னையில் ஒரு கடல் வரைபடத் திட்டத்தில் விஞ்ஞானியாகச் சேர்ந்தவள், சோப்பு டப்பா அளவுள்ள ஒரு கறுப்புக் கருவியோடு சொந்த ஊருக்கு வந்திருந்தாள். படகின் அடிப்பலகையில் அதைப் பொருத்திவிட்டால் போதும். இயந்திரத்தை நிறுத்திப் படகைத் தண்ணீரின் போக்கில் விடும் நேரங்களில், நீர் அதை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்று கருவி செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பல்தசார் கையைத் தூக்கினார். அவரிடம் விசைப்படகு கிடையாது, சின்ன வள்ளம்தான். இருந்தாலும் ஊர்க்கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார்.

"கடலு சமமாத்தானம்மா கெடக்கு. அதுல எதை அளக்கப் போற?"

"சமமாக் கெடக்காது மாமா. மேடு பள்ளம் உண்டு. பூமியோட இழுப்பு ஒரு எடத்துல கூட, ஒரு எடத்துல கொறச்சல். கூட இருக்கிற எடத்துல தண்ணி குமிஞ்சி நிக்கும். காத்து இல்ல, ஓட்டம் இல்லன்னு வச்சிக்கிட்டா கடல் எந்த வடிவத்துல கெடக்கும்னு எங்ககிட்ட ஒரு கணக்கு இருக்கு. நெசமான உயரத்தைச் செயற்கைக்கோள் வருசக்கணக்கா அளந்து சராசரி சொல்லுது. ரெண்டையும் கழிச்சா ஒரு முழம், ரெண்டு முழம் மிச்சம் வரும். அந்த மிச்சத்தை வச்சுத்தான் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, நீவாடு எப்பிடின்னு சொல்ல முடியும்."

"செயற்கைக்கோளே பாத்துக்கிட்டா எங்க லாஞ்சி எதுக்கு?" என்றார் விசைப்படகுச் சங்கத் தலைவர் கித்தேரியான்.

"கரைய நெருங்குனா அதுக்குக் கண்ணு மங்கிரும். தரையும் தண்ணியும் கலந்து தெரியும். அங்க நீங்கதான் கண்ணு."

அவர்களுடைய பயம் வேறு. எல்லை தாண்டியதைக் காட்டிக் கொடுக்குமா, தடைக்காலத்தில் போனால் சொல்லிவிடுமா என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். அப்போது ஜெசிந்தாவின் அண்ணன் தனிஸ்லாஸ் எழுந்தான். அப்பா செத்த பிறகு கடலுக்குப் போய் அவளைப் படிக்க வைத்தவன் அவன்தான்.

"எந்தங்கச்சி சொல்லுதா. மொதக் கருவிய என் லாஞ்சில மாட்டுங்க. எவனுக்குச் சந்தேகமோ அவன் பெறவு மாட்டுனா போதும்."

அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. "எங்க வள்ளத்துக்கு உண்டாம்மா?" என்று பல்தசார் மட்டும் கேட்டார். வள்ளங்களுக்கு அடுத்த கட்டத்தில் தருவார்கள் என்றாள் ஜெசிந்தா. அதையும் அவள் நம்பித்தான் சொன்னாள்.

கொஞ்ச காலத்திலேயே ராமேசுவரத்திலிருந்து குமரி வரை விசைப்படகுகளில் எல்லாம் அந்தக் கருவி ஏறிவிட்டது. அதுவரை கரையோரத்தில் வெற்றாகக் கிடந்த வரைபடம் அம்புக்குறிகளால் நிறைந்தது. அதைக் கொண்டு ஜெசிந்தாவின் பிரிவு இன்னொன்றையும் செய்தது. கரை ஒதுங்கிய ஒரு பொருளைக் காட்டினால், கடலைக் கணினியில் பின்னோக்கி ஓட்டி, அது எங்கே தண்ணீரில் விழுந்திருக்கும் என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டும். அதற்குப் பின்னோட்டம் என்று பெயர் வைத்தார்கள். தோராயமாகத்தான் காட்டும். ஒவ்வொரு அறிக்கையிலும் 'தோராயமாக' என்ற சொல்லை மறக்காமல் போடுவது ஜெசிந்தாவின் வழக்கம்.

ஐப்பசியில் ஒரு நாள் மதியம் வெளுப்பாக இருந்த வானம் சாயங்காலம் கறுத்து, காற்று திசை தெரியாமல் சுழற்றி அடித்தது. கடலுக்குப் போயிருந்த பல்தசாரின் வள்ளம் திரும்பவில்லை. அவரோடு அவர் மனைவியின் தம்பி லாசரும், ரொசாரி என்ற இன்னொருவரும் போயிருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் வள்ளத்தின் பெயர் எழுதிய ஐஸ் பெட்டி ஒன்று ஊருக்கு வடக்கே கரை ஒதுங்கியது. ஊரிலிருந்து ஜெசிந்தாவுக்குத் தகவல் வந்தது. கடலோரக் காவல்படையின் தேடுதல் மையத்திலிருந்து கமாண்டர் குலசேகரும் கூப்பிட்டார்.

ஐஸ் பெட்டியை வைத்துப் பின்னோட்டத்தை ஓட்டினாள். வட்டம் கரையை ஒட்டிய தீவுகளுக்கு வடகிழக்கே விழுந்தது. அதை அனுப்பிவிட்டாள். ஹெலிகாப்டர் கிளம்பியது. ஆனாலும் அவளுக்குத் திருப்தியில்லை. காற்று அடித்த அந்த ஒரு பொழுதில் கடல் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு வரைபடத்தில் தகவலே இல்லை. எல்லாப் படகுகளும் இயந்திரத்தை முடுக்கி ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

படகு இயந்திரத்தில் ஓடும்போதும் வளைந்து திரும்பும்போதும் பதிவாவது கடலின் போக்கு அல்ல, ஆளின் போக்கு. அதனால் நிரல் அந்தத் தடங்களைத் தானாகவே கழித்து ஒரு மூலையில் போட்டுவிடும். யாரும் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. அன்று காலை ஜெசிந்தா திறந்தாள். ஏதாவது ஒரு படகு கொஞ்ச நேரமாவது சும்மா மிதந்திருந்தால், அந்தப் பொழுதின் நீரோட்டத்தைப் பிடித்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

முதலில் வந்த தடமே அப்படித்தான் இருந்தது. தெற்கே நேராகப் போய்க்கொண்டிருந்த ஒரு படகு, காற்று ஓய்கிற சமயத்தில் சட்டென்று கிழக்கே வளைந்திருந்தது. வேகம் குறைந்து, ஒரு இடத்தைச் சுற்றி, இயந்திரத்தை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றிருந்தது. பிறகு முழு வேகத்தில் தன் வழியில் போய்விட்டது. அந்த இடம் அவள் போட்ட வட்டத்துக்கு வெகு தூரம் தெற்கே இருந்தது.

படகின் பதிவு எண்ணைப் பார்த்தாள். அண்ணனின் எண்.

அதற்கு மேல் வேறு எந்தத் தடத்தையும் திறக்காமல் மூடிவிட்டாள்.

வலை சிக்கியிருக்கலாம், படகைத் தள்ளும் விசிறியில் கயிறு சுற்றியிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். விசிறியில் கயிறு சுற்றியவன் முழு வேகத்தில் போகமுடியாது. அது அவளுக்குத் தெரியும். குலசேகரின் எண் கைப்பேசியில் மேலாகவே இருந்தது. அதை விட்டுவிட்டு அண்ணனின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தான். திரும்பவும் அழுத்தினாள். கேன்டீனுக்குப் போய்த் தேநீர் வாங்கினாள், குடிக்கவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிச் சொல்வது, தவறாக இருந்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நியாயம் சொல்லிக்கொண்டே அந்தக் காலைப் பொழுதைக் கழித்தாள். ஹெலிகாப்டர் வடகிழக்கே, அவள் போட்ட வட்டத்துக்குள் பறந்துகொண்டிருந்தது.

உச்சிப்பொழுது சாய்ந்த பிறகுதான் அண்ணன் போனை எடுத்தான். துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நேத்து சாயங்காலம் எங்க நின்ன?"

"கடல்லதான். வேறெங்க?"

"காத்து ஓயிற நேரத்துல வழிய விட்டுக் கிழக்க போயிருக்க. சுத்தி நின்னுருக்க."



"யாரு சொன்னா?"

"ஒன் லாஞ்சிதான் சொல்லுது."

"இது எங்களப் பாக்காதுன்னு நீதானட்டி சொன்ன?"

 வேறு எதையும்விட அந்தக் கேள்விதான் பிறகு பல மாதங்கள் அவள் காதில் கிடந்தது.

"வள்ளத்தப் பாத்தியா அண்ணே?"

"பாத்தேன். கவுந்து கெடந்துச்சு. மேல ஆளுவ இருந்தாவ."

"எத்தன பேரு?"

"எண்ணல." பிறகு தாழ்ந்த குரலில், "எண்ணிரக் கூடாதுன்னுதான் எண்ணல" என்றான்.

"ஏன் ஏத்தல?"

"ஐஸுக்கு அடியில அட்டை கெடந்துச்சு."

கடல் அட்டை. பிடிக்கவே கூடாது என்று தடை. பிடிபட்டால் படகும் போகும், ஆளும் உள்ளே போவான்.

"அவியள ஏத்துனா ஆஸ்பத்திரி, போலீசு, வாக்குமூலம். லாஞ்சிய அடி வரைக்கும் சோதன போடுவானுவ. பின்னால ஒரு வெளக்கு தெரிஞ்சுது ஜெசி. வேற லாஞ்சி வருது, அவன் ஏத்திக்கிடுவான்னு நெனச்சேன். சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன்."

"ராத்திரி பூரா அப்பிடியே நெனச்சியா?"

அவன் அழுதான். அப்பா செத்த அன்றுகூட அவன் அழுது அவள் கேட்டதில்லை. "எம் பேரு வெளிய வந்தா இந்த ஊர்ல தல காட்ட முடியாதுட்டி" என்றான்.

"பேரு வராது," என்றாள் ஜெசிந்தா. யோசிக்காமலே சொல்லிவிட்டாள்.

அடுத்த நிமிடமே, அண்ணன் நின்ற இடத்திலிருந்து வள்ளம் மிதந்திருக்கக்கூடிய தூரத்தைக் கணக்கிட்டு, குலசேகரைக் கூப்பிட்டுப் புதிய இடத்தைக் கொடுத்தாள்.

"மேடம், காலைல நீங்க குடுத்தது வடகிழக்கு. இது தெற்கே ரொம்பத் தள்ளி இருக்கே. எப்படி மாறுச்சு?"

"காத்தையும் சேத்துத் திருத்தி ஓட்டினேன் சார்."

"அந்த ஐஸ் பெட்டிய மட்டும் வச்சா?"

"ஆமா."

பொழுது சாய்வதற்குள் கவிழ்ந்த வள்ளத்தை ஹெலிகாப்டர் கண்டுபிடித்தது. அதன் முதுகில் பல்தசார் மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தார். ரொசாரியும் லாசரும் இல்லை. அவர்களுடைய உடல்கள் ஒதுங்கக்கூடிய கரையை ஜெசிந்தாவின் வரைபடம் சரியாகவே சொன்னது.

ஆஸ்பத்திரியில் பல்தசார் கண் விழித்ததும் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அந்த வழியாக எந்தப் படகும் வரவில்லையா என்று ஒருவர் கேட்டார். சென்னையில் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றிருந்த ஜெசிந்தா ஒலியைக் கூட்டினாள்.

"யாரும் வரல," என்றார் பல்தசார்.

அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததே என்று மறுகணம் உடம்பெல்லாம் கூசியது.

ஒரு ஐஸ் பெட்டியைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்த வரைபடம் என்று செய்தி பரவியது. ஊரில் அதே மண்டபத்தில் அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். லாசரின் மனைவி பிலோமினாள் கறுப்புச் சேலையோடு வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லன்னா அவரு ஒடம்பாவது எனக்குக் கெடச்சிருக்குமா?" என்றாள். ஜெசிந்தா தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தனிஸ்லாஸ் கடைசி வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் திருவிழாவில் பார்த்தால் நலம் விசாரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அறிக்கைகளிலிருந்து 'தோராயமாக' என்ற சொல்லை மேலிடத்தில் அடித்துவிட்டார்கள். உலகத்துக்கே காட்டிய பிறகு அது என்ன தோராயம் என்றார்கள். அவள் ஒருமுறை மறுத்துப் பார்த்தாள். தன்னடக்கம் என்று சிரித்தார்கள். அடுத்து ஒரு விதி வந்தது. இனிமேல் காணாமல் போனவர்களைப் பின்னோட்டம் காட்டும் வட்டத்துக்குள் தேடினால் போதும். வெளியே தேடுவது எரிபொருளுக்கும் நேரத்துக்கும் கேடு. அந்த விதியின் நகல் அவள் மேசைக்கும் வந்தது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். போடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

மறுவருடம் ஆவணியில் நாகப்பட்டினத்துப் படகு ஒன்று காணாமல் போனது. ஐந்து பேர். கோடியக்கரையில் ஒரு லைஃப் ஜாக்கெட் ஒதுங்கியது. பின்னோட்டம் வட்டம் போட்டது. இரண்டு நாள் அந்த வட்டத்துக்குள் தேடினார்கள், ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. தேடுதலை நிறுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜெசிந்தா நேராக மையத்துக்குப் போனாள்.

"சார், வட்டத்துக்கு வெளியே தேடணும். தென்கிழக்கே, ஆழ்கடல் பக்கம்."

"வட்டத்தப் போட்டதே நீங்கதானே மேடம்?" என்றார் குலசேகர்.

"அது சராசரிக் கடலை அடிப்படையா வச்சுப் போட்டது. பல வருஷத்துக் கடலைக் கூட்டி வகுத்தது. இந்த வாரம் அங்க ஒரு பெரிய சுழல் நிக்குதுன்னு இப்பத்தான் தெரியுது. தண்ணி வழக்கமாப் போற பக்கம் போகல."

"போன வருஷமும் கடல் வழக்கம்போல இல்ல, புயல் காத்து. ஒரு ஐஸ் பெட்டிய வச்சு ஆளு இருந்த இடத்தையே தொட்டுக் காட்டுச்சு உங்க வரைபடம். இப்ப மட்டும் தப்புன்னா மேல எப்படி ஒத்துக்குவாங்க? விதியே அந்த ஒரு சம்பவத்த வச்சுத்தான் போட்டிருக்காங்க. அத மீற எனக்கு ஒரு காரணம் வேணும். சந்தேகம் காரணம் ஆகாது."

அவள் வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவளைப் பார்த்ததும் எழுந்தாள். காணாமல் போனவர்களில் ஒருவரின் மனைவி. வேம்பு என்று பெயர்.

"நீங்கதான் மேப்புக்காரம்மாவா? ஒங்க மேப்பு தப்பாவே சொல்லாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் எங்க ஊட்டுக்காரரு கெடச்சிருவாருன்னு அழுவாம ஒக்காந்திருக்கேன்."

ஜெசிந்தா திரும்பி உள்ளே போனாள். குலசேகர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், போன வருஷம் கண்டுபிடிச்சது வரைபடம் இல்ல. வரைபடம் அன்னைக்கும் தப்பாத்தான் சொல்லுச்சு. எங்க அண்ணன் படகு அந்த வள்ளத்துக்கிட்ட போய் நின்னுட்டு, ஆளை ஏத்தாம போயிருச்சு. அந்தத் தடத்தைப் பாத்துத்தான் எடம் சொன்னேன்."

குலசேகர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். ஜெசிந்தாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இத எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

"அண்ணன் பேரோட?"

"அண்ணன் பேரோட. என் பேரோட."

அன்று மதியமே விமானம் தென்கிழக்கே திரும்பியது. மறுநாள் காலையில் உடைந்த படகைக் கண்டார்கள். ஐந்து பேரில் மூவர் உயிரோடு இருந்தார்கள். வேம்புவின் கணவரும் அதில் ஒருவர். தாழ்வாரத்தில் அவள் சத்தம் போட்டு அழுவது அறைக்குள் கேட்டது. ஜெசிந்தா வெளியே போய்ப் பார்க்கவில்லை. நன்றி என்று ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அவளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். இராயப்பன்துறையில் தனிஸ்லாஸின் வீட்டு வாசலில் மீன் கழிவைக் கொட்டினார்கள். சங்கத்திலிருந்து விலக்கினார்கள். அவன் படகில் வேலைக்கு ஆள் வரவில்லை. அவள் கூப்பிட்டபோதெல்லாம் அவன் போனை எடுக்கவில்லை. விசாரணைக் குழு ஊருக்கு வந்து மண்டபத்தில் கூட்டம் போட்டபோது, அவளும் சாட்சியாக வரவேண்டியிருந்தது. அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவில் நாலைந்து நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவர்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

கித்தேரியான் எழுந்து பேசினார். சக மனுசனைத் தண்ணியில் விட்டுவிட்டு வந்தவன் இந்த ஊரில் இருக்கக் கூடாது என்றார். கூட்டம் ஆமோதித்தது. தனிஸ்லாஸ் மறுப்பு சொல்லவில்லை. "நான் செஞ்சதுதான்" என்று மட்டும் சொன்னான்.

குழுவில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். கூட்டம் அடங்கியதும் அவர் எழுந்து விளக்கை அணைக்கச் சொல்லி, சுவரில் கடலைக் காட்டினார். அன்றைய சாயங்காலம், அந்த இடம்.

"ஜெசிந்தா மேடம் ஒரு தடத்தைத்தான் திறந்து பாத்திருக்காங்க. கழிச்சுப் போட்ட மத்தத் தடங்களையும் நாங்க திறந்தோம்."

முதலில் ஒரு கோடு வந்தது. தெற்கே போய், கிழக்கே வளைந்து, நின்று, போனது. அது தனிஸ்லாஸ். அடுத்து இன்னொரு கோடு வடக்கிலிருந்து வந்து, அதே இடத்துக்கு வளைந்து, வேகம் குறைத்து, போனது. அதற்குப் பிறகு இன்னொன்று. கடைசியாக ஒன்று, வெகு அருகில் போய்ச் சுற்றிவிட்டுக் கரைக்குத் திரும்பியது. அதிகாரி பதிவு எண்களைப் படித்தார். கடைசி எண் கித்தேரியானுடையது.

 ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவன் ஏற்றிக்கொள்வான் என்று நினைத்திருக்கிறார்கள். அலை அடங்காத கடலில் பெரிய படகைக் கவிழ்ந்த வள்ளத்துக்கு அருகில் கொண்டுபோனால் தன் படகும் போய்விடும் என்று ஒருவர் பிறகு சொன்னார். சம்பவத்துக்கு முந்தின கோடையில் வள்ளக்காரர்கள் விசைப்படகு வலையை அறுத்த கோபம் என்று இன்னொருவர் ஒத்துக்கொண்டார். அன்று விளக்கைப் போட்டபோது எல்லோரும் குனிந்திருந்தார்கள். யார் முதலில் எழுந்து வெளியே போவது என்று தெரியாமல் வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிலோமினாள் கூட்டத்துக்கு வரவில்லை.

தனிஸ்லாஸ்தான் முதலில் எழுந்தான். ஜெசிந்தாவைக் கடக்கும்போது நின்றான். "நான் ஒருத்தன்தான்னு நெனச்சிட்டுக் கெடந்தேன்," என்றான். அது ஆறுதலா, அதைவிடப் பெரிய துக்கமா என்று அவன் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியே மீன் ஏலக்கூடத்து நிழலில் பல்தசார் நின்றிருந்தார். ஜெசிந்தா அவரிடம் போனாள்.

"மாமா, நீங்க எல்லாரையும் பாத்தீங்களா?"

"பாக்காம? லாஞ்சியத் தூரத்துல பாத்தாலே யாருதுன்னு தெரியாதா? வர வர ஒவ்வொருத்தனையும் பேரு சொல்லிக் கூப்புட்டேன். ஒங்கண்ணன, கித்தேரியான, எல்லாத்தையும்."

"பெறவு ஏன் யாரும் வரலன்னு சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல? நாளைக்கு நான் கடலுக்குப் போகணும்னா இவனுவ கூடத்தான போகணும். எம்புள்ளைக்குக் கல்யாணம்னா இவனுவதான வரணும். சொல்லிட்டு எந்த ஊர்ல போய் இருக்கச் சொல்லுத?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு கேட்டார்.

"நீ எப்ப பாத்த ஜெசிந்தா? ஒங்கண்ணன் தடத்த?"

"மறுநாள் காலைல மாமா. விடிஞ்சு கொஞ்ச நேரத்துல."

"ஹெலிகாப்டர் வரும்போது பொழுது சாயப் போச்சே."

"அண்ணன் கரைய நெருங்குற வரைக்கும் போனுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். அவன்கிட்ட கேக்காம யாருகிட்டயும் சொல்ல மனசு வரல."

பல்தசார் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"ரொசாரி ராத்திரியே போயிட்டான். லாசரு அப்பிடி இல்ல. உச்சிப்பொழுது வரைக்கும் எங்கூடப் பேசிட்டுத்தான் இருந்தான். வெயில் ஏறுன பெறவுதான் கை தளந்து போச்சு."

 அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஊர் சொன்னது, உண்மையைச் சொன்னவள் என்று சென்னையில் சிலர் சொன்னார்கள். இரண்டில் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். அந்தக் காலைப் பொழுதைப் பற்றி யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. குழுவுக்கு எழுதிக் கொடுத்ததில்கூட, தடத்தைப் பார்த்த நேரம் இல்லை.

"இது பிலோமி அக்காவுக்குத் தெரியுமா மாமா?"

"உச்சி வரைக்கும் இருந்தான்னு தெரியும். மத்தது எனக்கே இப்பத்தான தெரியுது." பல்தசார் அவள் பக்கம் திரும்பினார். "நான் சொல்ல மாட்டேன். நீ பயப்படாத."

அந்த வார்த்தை அவளை அடித்தாற்போல் இருந்தது. "பேரு வராது" என்று அண்ணனிடம் சொன்னபோது தன் குரலும் இப்படித்தான் பரிவோடு இருந்திருக்கும் என்று தோன்றியது. மணலில் இறங்கி நடந்தாள்.

பிலோமினாளின் வீடு கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது. கதவு திறந்திருந்தது. மண்டபத்தில் நடந்தது அதற்குள் அவள் காதுக்கு வந்துவிட்டது. அழுது முகம் வீங்கியிருந்தாள். ஜெசிந்தாவைப் பார்த்ததும் எழுந்து வந்து உள்ளே இழுத்தாள்.

"வா ஜெசிந்தா. வாசல்ல ஏன் நிக்க? கூடப் பொறந்தவன்னும் பாக்காமச் சொன்னியே, நீ ஒருத்திதான் இந்த ஊர்ல மனுசி. இவனுவள்ளாம் எங்கிட்ட வந்து துக்கம் விசாரிச்சிட்டுப் போனானுவ, தெரியுமா? இந்தா, இதுல உக்காரு. காப்பி போடுதேன்."

நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். ஜெசிந்தா உட்காரவில்லை.

"வேண்டாம்க்கா. நான் ஒன்னு சொல்லணும். கேட்டுட்டுப் பெறவும் உக்காரச் சொன்னீங்கன்னா உக்காருதேன்."

பிலோமினாள் அடுப்பைப் பற்றவைக்காமல் திரும்பி வந்து அவள் எதிரில் நின்றாள்.

"லாசர் அண்ணன் இருந்த எடம்," என்றாள் ஜெசிந்தா, "எனக்குக் காலைலயே தெரியும்க்கா."